திருக்கையும் ஒரு முடிச்சும்

என் கணவர் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் எனக்குக் கோபம் வராது. உள்ளதைச் சொன்னால் எதற்குக் கோபம்? மின்தூக்கிக்குப் பயம், காரைப் பின்னால் எடுக்கப் பயம், விசில் அடிக்காத குக்கரைக் கண்டால் பயம். தோளில் பல்லி விழுந்தால் நாள்காட்டியில் பலன் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ஆனால் இதெல்லாம் சில்லறைப் பயம். என் பெரிய பயம் ஒன்றே ஒன்றுதான். காலுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் எது கிடக்கிறதோ என்ற பயம்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது தொட்டிலிலேயே வந்துவிடும். கோலாலம்பூருக்கு வடக்கே, பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நான் வளர்ந்தேன். வெட்டிய மட்டைகளை மரங்களுக்கு நடுவே வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். மட்டைக்குள் எலி இருக்கும். எலி இருக்கிற இடத்தில் நாகம் இருக்கும். அதனால் எங்களுக்கு நடை பழக்கியபோதே சேர்த்துச் சொல்லிக்கொடுத்த பாடம் இது: காலைத் தூக்கி வை, தரை அதிர மிதி. பாம்புக்குக் காது கிடையாது, தரைதான் அதற்குக் காது. நீ வருவது தெரிந்தால் அது விலகிப் போய்விடும். பள்ளிக்கூடத்துக்குப் போகும் செம்மண் பாதையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் திம் திம் என்று மிதித்துக்கொண்டு போவோம். பேரங்காடியின் பளிங்குத் தரையில்கூட நான் இப்போதும் அப்படித்தான் நடக்கிறேனாம். கணவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு ஏழு வயதில் அப்பாவைப் பாம்பு கடித்தது. குலை வெட்டிக்கொண்டிருந்தவர் மட்டையில் கால் வைத்துவிட்டார். வேலையை மேற்பார்த்த மண்டோர் தன் தலைத்துண்டை முறுக்கி அப்பாவின் முழங்காலுக்குக் கீழே கட்டி, அதில் ஒரு குச்சியைச் செருகித் திருகி இறுக்கி, டிராக்டரில் போட்டுக் கொண்டுவந்தார். டிராக்டர் லயத்துக்கு முன்னால் நின்றபோது அப்பாவின் கால் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அம்மா அழுதுகொண்டே முடிச்சைத் தொடப் போனார். மண்டோர் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"அவுத்த, ஆளு போயிடுவான்."

அப்பா பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இருபது வருடம் இருந்து, சர்க்கரை வியாதியில் போனார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து கொடுத்த டிரஸரைப் பற்றி லயத்தில் யாரும் பேசவில்லை. எல்லோரும் முடிச்சைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கும் அதுதான் மனதில் ஆணி அடித்ததுபோல் நின்றுபோனது. அவிழ்த்தால் ஆள் போய்விடுவான்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை செம்பிலாங் மீனவர் கிராமத்தில் நான் மூன்று காரியம் செய்தேன். மூன்றும் பயத்தில் செய்தவை. அவற்றின் வேர் எங்கே இருந்தது என்று தெரியவேண்டும் அல்லவா.

என் தங்கைக்கு அப்போது பிள்ளை பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. தலைப்பிள்ளை, பெண் குழந்தை. உலு யாமில் அவள் வீட்டில் அம்மா கூட இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பால் போதவில்லை. குழந்தை அழுகிற சத்தம் போனிலேயே கேட்கும். அம்மா எனக்கு உத்தரவு போட்டார்.

"பால் சுறா கெடைக்கலன்னா திருக்கையாச்சும் வாங்கிக்கிட்டு வா. பூண்டு நெறைய தட்டிப் போட்டு கொழம்பு வச்சுக் குடுத்தா ரெண்டே நாளுல பாலு ஊறிடும். மார்க்கெட்ல ஐஸ்ல கெடந்தது வேணாம். அது மூத்திர நாத்தம் அடிக்கும். படகுலேர்ந்து எறங்குன உடனே வாங்கு."

கடலோடு எங்களுக்கு உறவே கிடையாது. கடல் என்றால் ஜெராமில் போய் மீன் சாப்பிட்டுவிட்டு வருவது, அவ்வளவுதான். என் கணவரும் தோட்டத்துப் பிள்ளை. செம்பனைக் குலையைத் தோட்டத்திலிருந்து ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரியை அவர் பத்தொன்பது வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தார். பாரம் ஏற்றிய லோரியை இறக்கத்தில் பிடித்து நிறுத்துவது லேசான வேலையா? அவர் தன் வலது காலைக் காட்டிச் சொல்வார்: "இதுதான் நம்ம வீட்டு அரிசிப் பானை. மத்ததெல்லாம் மூடிதான்." காலில் ஒரு கொப்புளம் வந்தால்கூட நான் மஞ்சள் அரைத்துப் பூசுவேன். அந்தக் காலில்தான் எங்கள் வீடு நின்றது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நாங்கள் சுங்கை செம்பிலாங் போய்ச் சேர்ந்தபோது காலை பத்தரை இருக்கும். கடல் வற்றத் தொடங்கியிருந்தது. மரப்பாலத்தின் இரண்டு பக்கமும் சாம்பல் நிறச் சேறு, சோறு வடித்த கஞ்சி ஆறி ஆடை கட்டியதுபோலப் பளபளத்தது. அதில் சின்னச் சின்ன ஓட்டைகள், ஓட்டைக்குள் ஏதோ அசைவு. எனக்குப் பார்க்கவே உடம்பு கூசியது. பாலத்தின் ஓரத்தில் ஒரு மலாய்க்கார அம்மா வாழைப்பழம் பொரித்து விற்றுக்கொண்டிருந்தார். நான் அவர் கடையின் நிழலை விட்டு நகரவில்லை.

முதலில் வந்த படகிலேயே திருக்கை இருந்தது. நீல நிறப் பீப்பாயிலிருந்து மீன்காரர் அதைத் தூக்கிப் பலகையில் போட்டார். பெரிய தாம்பாளம் அளவு இருக்கும். முதுகு சேற்று நிறம், சாட்டை போன்ற வால். அது மல்லாந்து விழுந்தது. அடிவயிறு வெள்ளை வெளேரென்று இருந்தது. அதில் ஒரு முகம் இருந்தது. இரண்டு கண், சின்ன வாய். கண் போலத் தெரிந்தவை மூக்குத் துளைகள்தானாம், கணவர் விளக்கினார். எனக்கு விளக்கம் எதற்கு? ஒன்பது நாள் குழந்தை உதட்டைப் பிதுக்குவது போலவே அந்த வாய் திறந்து திறந்து மூடியது.

அப்புறம்தான் அது நடந்தது. அந்த மீன் பலகையிலேயே குட்டி போட்டது. திருக்கை முட்டையிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சுருட்டின வெற்றிலை மாதிரி ஒன்று வெளியே வந்து மெல்ல விரிந்தது. அதற்கும் ஒரு வால், அதற்கும் ஒரு முகம். பின்னாலேயே இன்னொன்று. பிடிபட்டால் சில சமயம் இப்படி ஆகும் என்று மீன்காரர் சொல்லி, குட்டிகளைக் காலால் மெதுவாகத் தண்ணீரில் தள்ளிவிட்டார். பிறகு தராசை எடுத்தார்.

"வேணாம்," என்றேன்.

"என்ன வேணாம்?" என்றார் கணவர்.

"பிள்ள பெத்துக்கிட்டு இருக்குறத அறுத்து, பிள்ள பெத்தவளுக்கு ஆக்கிப் போடறதா? அந்தப் பச்சப்புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"மீனுக்குமா நீ சகுனம் பாப்ப? நல்ல மீனு லா."

நான் கேட்கவில்லை. என் பயம் ஒரு முடிவெடுத்துவிட்டால் பிறகு அதோடு யாரும் பேசமுடியாது. இதுதான் முதல் காரியம்.

அடுத்த படகு கரைக்கு வரவில்லை. தண்ணீர் போதாமல் சேற்றின் விளிம்பில், ஒரு முப்பது அடி தள்ளி நின்றுவிட்டது. அதிலிருந்த ஆள் ஒரு திருக்கையைத் தூக்கிக் காட்டினார். அளவான மீன். நீர் ஏறினால்தான் வரமுடியும் என்று சைகை செய்தார். அதுவரை காத்திருந்தால் உலு யாம் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும். கணவர் சிலிப்பரைக் கழற்றிப் பலகையில் வைத்தார். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டார்.

"போகாதீங்க. சேத்துல என்ன கெடக்குதோ."

"பாம்பு உப்புத் தண்ணியில என்னா பண்ணப்போவுது? நீ பணத்த மட்டும் எடுத்து வையி."

இறங்கிவிட்டார். தண்ணீர் கெண்டைக்கால் வரை வந்தது, கலங்கல், அடி தெரியவில்லை. அப்போது அந்த மலாய்க்கார அம்மா எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்துச் சொன்னார்:

"செரெத் காக்கி, பாங். செரெத்."

அண்ணே, காலை இழுத்து இழுத்து நட என்று அர்த்தம். எனக்கு அது காதில் விழுந்தது, புரியவும் செய்தது. புரிந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அடி தெரியாத சேற்றில் காலை இழைத்துக்கொண்டு போனால் கீழே கிடப்பதன் மேல் போய் முட்டமாட்டாரா? விவரம் தெரியாத அம்மா என்று நினைத்தேன். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவரைப் பார்த்து, மட்டை அடுக்குக்கு நடுவில் வளர்ந்த நான் அப்படி நினைத்தேன். எனக்குத் தெரிந்த உலகம் என் மூக்கு நீளம்தான் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த அம்மா சொன்னது கணவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது. நான்தான் அதற்குமேல் கத்திவிட்டேனே.

"ஏங்க, காலத் தூக்கி வச்சு நடங்க. நல்லா மிதிச்சு நடங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். சிரித்தார். எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். பிறகு என்னைக் கேலி செய்வதற்காகவே, தோட்டத்துப் பிள்ளைகள் மாதிரி, முழங்காலை மார்பு வரை தூக்கித் தொம் தொம் என்று மிதித்துக்கொண்டு போனார். லெப்ட், ரைட். சேற்றுத் தண்ணீர் அவர் சட்டை வரை தெறித்தது. நானும் சிரித்தேன். ஆறாவது அடி வலது கால்.

அவர் கத்தவில்லை. தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வழுக்கிவிட்டது, இன்னும் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அப்படி ஒரு சத்தத்தை நான் அவரிடம் கேட்டதில்லை.

படகுக்காரர் குதித்து வந்து அவரை அக்குளில் பிடித்து இழுத்துக்கொண்டு கரையேற்றினார். வலது காலின் மேல்பக்கம், கணுக்காலுக்குக் கொஞ்சம் கீழே, கத்தி கீறியது போல ஒரு சின்னக் கிழிசல். ரத்தம் நிறைய இல்லை. அந்தச் சின்னக் கிழிசலுக்காகவா ஒரு மனிதர் பலகையில் தலையை முட்டிக்கொள்கிறார்?

"பாம்பா?" என்றேன்.

"பாரி," என்றார் படகுக்காரர். திருக்கைக்கு மலாயில் அதுதான் பெயர். சேற்றில் தட்டையாகப் படுத்திருக்கும், காலை இழைத்துக்கொண்டு போனால் ஓரத்தில் தட்டுப்பட்டு அதுவே விலகிப் போய்விடும், மேலே மிதித்தால் வாலைச் சுழற்றி முள்ளால் குத்தும் என்று கையாலேயே காட்டினார். பிறகு ஒரு சொல் சொன்னார்: "பீசா."

விஷம். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் என் காதில் ஏறவில்லை. எனக்கு விஷம் என்றால் ஒரே ஒரு வைத்தியம்தான் தெரியும். என் துப்பட்டாவை உருவி முறுக்கினேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். பலகையோரம் கிடந்த ஒரு குச்சியைச் செருகித் திருகினேன். மண்டோர் திருகியதை ஏழு வயதில் பார்த்ததுதான்; கை மறக்கவில்லை. குக்கர் மூடியைத் திறக்கவே நடுங்கும் என் கை அன்றைக்குத் துளிகூட நடுங்கவில்லை.

அந்த மலாய்க்கார அம்மா அடுப்பில் இருந்த கெண்டியோடும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியோடும் ஓடிவந்தார். வெந்நீரைத் தொட்டியில் ஊற்றி, கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்து, தன் கையை விட்டுச் சூடு பார்த்தார்.

"ஆயெர் பானாஸ், ஆயெர் பானாஸ். புக்கா இக்காத்தான் து."

வெந்நீர். கட்டை அவிழ்த்துவிடு. ஒன்று கேட்டால் போதாதா, இரண்டையும் கேட்டதும் எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. கடிபட்ட காலில் வெந்நீரா? கட்டை அவிழ்ப்பதா? அவர் முடிச்சில் கை வைத்தார். நான் தட்டிவிட்டேன். மண்டோர் என் அம்மாவின் கையைத் தட்டிவிட்ட மாதிரியே. தொட்டி கவிழ்ந்து வெந்நீர் அவர் காலில் கொட்டியது. அவர் ஒரு அடி பின்வாங்கினார், திட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, படகுக்காரரிடம் இவரைக் காரில் ஏற்று என்று மட்டும் சொன்னார். அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டதோ என்னவோ. படகுக்காரர் நல்ல மனிதர். அந்தக் களேபரத்திலும் நாங்கள் கேட்ட மீனை ஒரு பையில் போட்டு, பணம் வாங்காமல், காரின் பின்பெட்டியில் வைத்து மூடினார்.

நான் கார் ஓட்டுவது கடைக்கும் கோயிலுக்கும் மட்டும்தான். அன்றைக்கு ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மேல் அந்தக் கடலோரச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். மீன் சாப்பிட வரும் கோலாலம்பூர்க்காரர்களின் கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஊரும். ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் என்று போனில் பார்த்தேன். வழி முழுக்கச் சிவப்பாக இருந்தது.

அவர் பக்கத்து இருக்கையைப் பின்னால் சாய்த்துப் படுத்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை. நான் ஒரு கண்ணைச் சாலையிலும் ஒரு கண்ணை அவர் மேலும் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கப் பேசிக்கொண்டே இருந்தேன். கடிபட்டவரைத் தூங்கவிடக்கூடாது, அதுவும் லயத்துப் பாடம்.

"தூங்காதீங்க. ஆலைக்குப் போற வழியச் சொல்லுங்க. மொதல்ல எந்தப் பாலம்?"

"இரும்புப் பாலம்."

"அப்புறம்?"

"ரெண்டாம் டிவிசன் முச்சந்தி... அப்புறம் பெரிய எறக்கம். எறக்கத்துல கியர கொறச்சு... பிரேக்ல..." அவர் நிறுத்திவிட்டுத் தன் காலைப் பார்த்தார். "அவுத்து விடு புள்ள. முள்ளு குத்துன எடம் ஒரு பக்கம் எரியுது. கட்டுன எடம் செத்துப்போவுது. வெரலு இருக்குறதே தெரியல."

"வெஷம் ஏறிடும்."

"ஏறட்டும். அவுத்து விடு."

அவர் கையை முடிச்சுக்குக் கொண்டுபோனார். நான் காரைச் சாலையோரம் நிறுத்தினேன். நெற்றியில் வைத்த குங்குமம் வேர்வையில் கரைந்து கண்ணில் இறங்கி எரிந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அவர் கையை விலக்கிவிட்டு, குச்சியைப் பிடித்து இன்னும் ஒரு திருகு திருகினேன். அவர் "அம்மா" என்றார். என்னைக் கூப்பிடவில்லை. செத்துப்போன தன் தாயைக் கூப்பிட்டார்.

அப்போது அவர் காலைக் குனிந்து பார்த்தேன். கத்தரிக்காய் நிறம். சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி வந்தது. அப்பாவின் கால் அச்சாக இப்படித்தான் இருந்தது. அப்பா பிழைத்தாரே. அப்படியென்றால் இவரும் பிழைத்துவிடுவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கோ அன்று பேயே தெய்வமாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது நான் கட்டு போட்டு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் அப்பா காலத்தில் டிரஸர் என்போமே, அந்த வேலையில் இருந்த ஒரு தமிழ்ப் பையன்தான் முதலில் வந்து பார்த்தார். அவர் கிழிசலைப் பார்க்கவே இல்லை. துப்பட்டாவைத்தான் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்து ஒரே வெட்டு. ஆள் போய்விடுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது என் கணவர் அப்படியேதான் படுத்திருந்தார், மூச்சு விட்டுக்கொண்டு.

"எவ்ளோ நேரமா இந்தக் கட்டு?"

நான் சொன்னேன். அந்தப் பையனின் முகம் மாறியது.

"யாரு கட்டுனது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் கண்ணை மூடியபடியே என் கணவர் சொன்னார்:

"நாந்தான் தம்பி."

"அண்ணே, திருக்கை முள்ளுக்கெல்லாம் கட்டே போடக் கூடாது. பாம்புக்கே இப்ப யாரும் இப்படிக் கட்டறது இல்ல. சூடு தாங்குற தண்ணியில கால வச்சிருந்தீங்கன்னா பாதி வலி அங்கயே போயிருக்கும்."

சொல்லிக்கொண்டே ஒரு தொட்டியில் வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். கையை விட்டுச் சூடு பார்த்தார். அந்த மலாய்க்கார அம்மா பார்த்த மாதிரியே. என் கணவரின் கால் அதில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தின் இறுக்கம் ஒவ்வொரு நரம்பாக விட்டது. நான் சுவரோடு சுவராக நின்றேன். கட்டிலுக்கு அருகே போகும் துணிவு எனக்கு இல்லை.

முள்ளின் நுனி உள்ளே உடைந்திருந்தது. அதைப் படம் பிடித்துப் பார்த்து எடுத்தார்கள். பிறகு அந்தப் பையன் வந்து கால்மாட்டில் நின்றார்.

"அண்ணே, கட்ட வெரல மேல தூக்குங்க."

அவர் தூக்கினார். தூக்குவதாக நினைத்து நெற்றியைச் சுருக்கினார். விரல் அசையவில்லை.

"பாதத்த மேல மடக்குங்க."

பாதம் அசையவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் தன் காலையே பார்த்தார். வலது கால். எத்தனையோ பயம் பயந்திருக்கிறேன், எல்லாம் வெளியிலிருந்து எதுவோ வந்துவிடும் என்ற பயம். இது அப்படி இல்லை. என் இரண்டு கையையும் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. துப்பட்டாச் சாயம் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.

முழங்காலுக்குக் கீழே ஒரு நரம்பு எலும்பை ஒட்டி ஓடுகிறதாம். கட்டு சரியாக அதன் மேல் விழுந்துவிட்டதாம். சிலருக்குத் தானாகச் சரியாகும், சிலருக்குக் கொஞ்சம்தான் ஆகும் என்றார் மருத்துவர். மீன் குத்திய காயம் மூன்று வாரத்தில் ஆறி, ஒரு அரிசி அளவுத் தழும்பாகிவிட்டது.

அந்த மீன் இரண்டு நாள் காரின் பின்பெட்டியிலேயே கிடந்தது. யாருக்கு ஞாபகம் இருந்தது? மூன்றாம் நாள் காரைத் திறந்தபோது வந்த மூத்திர நாற்றத்தை இன்றுவரை எந்தச் சோப்பாலும் முழுசாகப் போக்கமுடியவில்லை. என் தங்கைக்கோ அதே வாரத்தில், திருக்கையும் இல்லாமல் சுறாவும் இல்லாமல், பால் தானாக ஊறிவிட்டது. குழந்தை கொழுகொழுவென்று ஆகிவிட்டாள்.

குழந்தைக்குப் பேர் வைத்த அன்று சொந்தக்காரர்கள் எல்லாம் உலு யாமில் கூடினார்கள். என் கணவர் ஊன்றுகோலோடு வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சு எங்கே போகும்? காலுக்குத்தான். என் அம்மாவே ஆரம்பித்தார்.

"லோரி ஓட்டுற மனுசனுக்கு இதுகூடத் தெரியலயே. தன் காலத் தானே கட்டிக் கெடுத்துக்குவாங்களா?"

"ஆழம் தெரியாம கால விட்டுட்டேன் அத்த," என்று அவர் சிரித்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டேன். வெளியே போய், கட்டினது நான்தான், மிதிக்கச் சொன்னதும் நான்தான், முதல் மீனை வேண்டாம் என்றதும் நான்தான் என்று ஒரு வாக்கியம் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. என் பயங்களிலேயே கேவலமான பயம் அதுதான்.

திரும்பி வரும்போது, காரை ஓட்டிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீங்க கட்டுனதா ஏன் சொன்னீங்க?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

"உன் மூஞ்சிய நீ பாக்கல. அப்பவே பாதி செத்துட்ட. நீதானே வண்டிய வீட்டுக்கு ஓட்டணும்?"

நான் வண்டியை வீட்டுக்கு ஓட்டினேன்.

நரம்பு கொஞ்சம்தான் திரும்பியது. பாதம் மேலே எழும்பாது, நடந்தால் முன்விரல்கள் தரையில் இழையும். பிரேக்கில் வைத்த கால் எப்போது வழுக்கும் என்று அவருக்கே தெரியாது. லோரியை விட்டுவிட்டார். ஆலைக்காரர்கள் நல்லவர்கள், எடைமேடைக் கொட்டகையில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். மற்றவர்கள் ஓட்டிவரும் லோரிகளை எடை பார்த்துச் சீட்டு எழுதுகிறார். பழைய நண்பர்கள் இறக்கத்தில் எப்படிப் பிரேக் பிடித்தார்கள் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். வீட்டில் அவர் நடந்தால் சிமெண்டுத் தரையில் சர்ர், சர்ர் என்று கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நான் சமைக்கிறேன், துணி மடிக்கிறேன். அது நின்றுவிட்டால் எங்கே விழுந்துவிட்டாரோ என்று ஓடுகிறேன்.

ஒரு வருடத்துக்குப் பிறகு, அந்த மலாய்க்கார அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நான்தான் சொன்னேன். வெந்நீர் கொட்டிய கால் என்ன ஆனதோ என்று மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் போனோம். அவர் அதே இடத்தில் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தார். முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். தன் காலில் ஒன்றும் ஆகவில்லை என்று காட்டினார். நான் அழுதுவிட்டேன்.

அதற்குள் என் கணவர் காரிலிருந்து இறங்கி எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தார். மரப்பலகையில் சர்ர், சர்ர் என்று அந்தக் காலை இழைத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மா அவர் நடையைப் பார்த்தார். அவருக்கு முடிச்சின் கதை தெரியாது, நரம்பின் கதையும் தெரியாது. அன்றைக்குப் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டு இப்போது வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பாக, கைதட்டிச் சொன்னார்:

"ஹா, மச்சம் துலா ஜாலான் டாலாம் லாவுத்."

அதுதான், கடலுக்குள் அப்படித்தான் நடக்கவேண்டும்.

என் கணவரும் சிரித்தார். பெஞ்சில் உட்கார்ந்து, பொரித்த பழம் ஒன்றை எடுத்து ஊதிக்கொண்டே, அந்த அம்மாவுக்குப் பதில் சொன்னார்.

"பினி சாயா ஆஜார்."

என் பெண்டாட்டி சொல்லிக்கொடுத்தது.

என்னைக் கேலி செய்யும்போது சிரிக்கும் அதே சிரிப்புதான். பழத்தில் பாதியைப் பிய்த்து எனக்கும் நீட்டினார். அது வெறும் கேலிதானா என்று நான் இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.